தளிர் தேடிய மாணாக்கர்

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் பெயரைக் கேட்டமாத்திரத்தே தமிழ் படித்தோர் நெஞ்சில் ஒரு நிகழ்ச்சி தோன்றும். 1880ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆம் நாள், கும்பகோணத்துக்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அவ்வூர்க் கல்லூரியிலே தமிழாசிரியராய் அமர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. யாரிடம் படித்தீர், என்னென்ன படித்தீர் என்று முதலியார் வினாவ, ஐயர் அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று தாம் கற்றவற்றை வரிசையாக அடுக்கிக்கொண்டு போனார். முதலியாரின் முகத்திலே வியப்புச் சிறிதும் தோன்றவில்லை. இவற்றாலெல்லாம் என்ன பயன் என்னும் கருத்துப்பட அவர் பேசினார். பின்பு சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை, படிப்பதற்குப் புத்தகமும் கிடைத்ததில்லை என்று ஐயர் விடை கூறினார்.

அன்று தொடங்கியதே ஐயரின் பதிப்புப்பணி. இது யாவரும் அறிந்ததே. ஆனால், இதனை எடுத்துச் சொல்லுவோர் பலர், முதலியாரைக் காணும்முன் ஐயர் கழித்த ஆண்டுகள் வீணாகக் கழிந்தவை என்று கேட்போர் எண்ணும்படி சொல்லிவிடுகின்றனர். இருளிலே உழன்றவருக்கு ஒருநாள் திடீரென ஒளி கிடைத்ததாம்! முதலியாரின் வினா நேரிய வினாவே. அதற்காகத் தமிழுலகம் அவருக்கு என்றுங் கடப்பாடுடையது. எனினும், அதே வினாவை அந்நாளில் வேறு பத்துப் பேரிடம் அவர் கேட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? கற்பாறையில் விழுந்த விதையாய் அது காய்ந்திருக்கும். விழுந்த நிலம் பண்பட்ட நிலமாயிருந்தமையாலன்றோ அது முளைத்தது? அந்நிலம் எவ்வாறு பண்பட்டது என்பதே இங்கு நாம் நோக்குவது.

ஐயர் 1855ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். சொந்த ஊர் தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைப்புலவர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். ஊர்தோறும் சென்று இராமாயணம் முதலியவற்றை இசையுடன் கூறி, அன்பர்கள் அளிக்கும் நெல்லையும் பொருளையுங்கொண்டு குடும்பத்தை நடத்தியவர். மகனும் தம்மைப்போல இசைவாணனாதல் வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனின் உள்ளமோ தமிழை நாடிற்று. தந்தையார் அதற்குத் தடை சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமன்று, எந்த ஊரில் நல்ல தமிழாசிரியர் உளர் என்று கேள்விப்பட்டாரோ அந்த ஊருக்குத் தம் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். அரியிலூரிற் சடகோபையங்கார், குன்னத்திற் சிதம்பரம் பிள்ளை, கார்குடியிற் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியர் நிரல் நீள்கிறது. பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டி வீடு மாறும் பெற்றோரை நாம் இக்காலத்தும் காண்கிறோம். அவர்கள் தேடிப்போவது பெயர்பெற்ற பாடசாலையை. வேங்கடசுப்பையர் தேடிப்போனதோ, ஒரு திண்ணையிலே உட்கார்ந்து யாப்பருங்கலக்காரிகை சொல்லித்தரக்கூடிய ஒரு மனிதரை. அந்த விருத்தாசல ரெட்டியாரே, தம்மிடமுள்ளது இவ்வளவுதான். மேலே கற்கவேண்டுமானால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடமே போதல் வேண்டும் என்று வழிகாட்டியவர். தம்மிற் பெரியாரிடம் மாணாக்கனை மகிழ்ந்து அனுப்பும் அத்தகைய ஆசிரியரை நினைக்குந்தோறும் மனம் குளிர்கிறது.

1871ஆம் ஆண்டிலே தந்தையும் மகனும் மாயூரம் சென்று பிள்ளையவர்களைக் கண்டனர். பிள்ளையவர்கள் உடனே இசைந்தாரல்லர். எத்தனையோ பேர் ஆவலோடு வருகிறார்கள். சில நாள் இருந்துவிட்டுச் சொல்லாமற் போய்விடுகிறார்கள் என்று அவர் கூறவே, பதினாறு வயதுப் பிள்ளையின் நெஞ்சம் துடித்தது. ஒருவாறு ஏற்றுக்கொள்ளப்பட்டார். வேங்கடராமன் என்பது அவருக்கு இட்ட பெயர். வீட்டார் சாமா என்று அழைப்பர். அது சாமிநாதன் என்பதன் குறுக்கமென அறிந்த பிள்ளையவர்கள் அந்தப் பெயரையே வழங்கலாயினார். தமிழுலகம் அறிந்த பெயர் அதுவே.

ஏற்றுக்கொள்ளப்பட்டாலும் பாடம் எளிதிற் கிடைத்ததில்லை. பிள்ளையவர்களைத் தேடி வருவோர் பலர். அவர் இயற்றிவந்த நூல்கள் பல. தொடக்கத்திற் புதிய மாணாக்கரைச் சவேரிநாத பிள்ளை என்னும் மூத்த மாணாக்கரிடம் ஒப்படைத்தார். நேரே ஆசிரியர் வாயாற் கேட்கவேண்டுமென்ற ஏக்கம் ஐயரை வாட்டிற்று. இதற்கு அவர் கண்ட வழி மிக இனியது.

பிள்ளையவர்கள் மரஞ்செடிகளிலே பெருங்காதல் உடையவர். வளர்ந்த மரங்களையும் வேருடன் கொணர்ந்து தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டு வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் அம்மரங்களிற் புதிதாகத் தளிர் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவருவார். ஒரு தளிர் காணின் முகம் மலரும், காணாவிடின் வாடும். இதனை உற்றுநோக்கிய ஐயர் அவருக்கு முன்னமே எழுந்து தோட்டத்துக்குச் செல்லத் தொடங்கினார். கிளை கிளையாகத் தேடி, எங்கே ஒரு புதுத்தளிர் அரும்பியிருக்கிறதெனக் கண்டுவைத்துக்கொள்வார். ஆசிரியர் வந்ததும் அதனைச் சுட்டிக்காட்டுவார். அவர் மகிழ்ந்திருக்கும் அந்தப் பொழுதிலே, பாடம் தொடங்கலாமா என்று மெல்லக் கேட்பார். இவ்வாறு மரத்திலே தளிர் தேடித் தமிழிலே தளிர்த்த மாணாக்கர் உலகில் வேறொருவர் இருந்தனரோ, அறியோம்.

இதனைச் சூழ்ச்சியென்று சிலர் கூறக்கூடும். நாளாக நாளாகத் தளிர் காண்பதில் அவருக்கே இன்பம் உண்டாயிற்று என்பதை அவர் பிற்காலத்தில் எழுதியவற்றைப் படிப்போர் உணர்வர். ஆசிரியர் விரும்புவதைத் தாமும் விரும்பக் கற்றார். கல்வியின் பெரும்பகுதி அவ்வளவே எனலாம்.

பிள்ளையவர்கள் பாடஞ்சொன்ன முறையும் இக்காலத்தவர் அறியத்தக்கது. ஒரு செய்யுளுக்கு ஒரு மணி நேரம் விரிவுரை ஆற்றுவது அவர் வழக்கமன்று. மாணாக்கர் செய்யுளைப் படிப்பார். வேண்டிய இடத்தில் மட்டும் ஆசிரியர் பொருள் சொல்வார். உடனே அடுத்த செய்யுள். இவ்வாறு பாடல்கள் நூற்றுக்கணக்காக ஓடின. ஓர் அந்தாதி முடிந்தால் அடுத்த அந்தாதி; ஒரு பிள்ளைத்தமிழ் முடிந்தால் இன்னொன்று. பசித்தவன் உண்பதுபோல ஐயர் உண்டார். பாடங் கேட்டது போக எஞ்சிய நேரத்தில் ஆசிரியர் பாடச் செய்யுட்களை ஏட்டில் எழுதினார். பிள்ளையவர்கள் வாயிலிருந்து பாடல் நீரோட்டம்போல வரும். எழுத்தாணி அதற்கு ஈடுகொடுத்து ஓடுதல் வேண்டும். திருப்பெருந்துறைப் புராணம் அவ்வாறு ஐயர் கையால் எழுதப்பட்டதே. ஒரு பெரும்புலவரின் உள்ளத்திற் செய்யுள் உருவாகும் பொழுதே அதன் சீரையும் தளையையும் கூடவே இருந்து கேட்ட செவி அது.

இவ்வாழ்க்கை வசதியானதென்று எவரும் நினைக்கவேண்டா. உணவுக்கு ஓரிடம், உறக்கத்துக்கு ஓரிடம் என்று அலைந்தார். திருவாவடுதுறையிற் பெரியம்மை கண்டு ஊருக்குக் கொண்டுபோகப்பட்டார். குடும்பத்துக்குக் கடன் மிகுந்தபோது படிப்பை நிறுத்திவைத்து, காரை என்னும் ஊரிலே திருவிளையாடற் புராணம் படித்துப் பொருள்கூறிப் பணம் ஈட்டவேண்டியிருந்தது. இசையையும் இடையிலே விடநேர்ந்தது. மாயூரத்தில் அப்போது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்துவந்தார். தந்தையார் விருப்பப்படி ஐயர் காலைதோறும் அவரிடம் இசை பயின்றார். இசையிற் புகுந்தவனுக்கு இலக்கண இலக்கியத்திற் கருத்துப் பதியாது என்னும் எண்ணமுடைய பிள்ளையவர்கள் இதனை விரும்பவில்லை. ஐயர் அதனை நிறுத்திக்கொண்டார். இவ்விடயத்தில் மகாவித்துவானோடு உடன்பட எமக்கு மனம் வரவில்லை. ஓசையிலே பழகிய செவி செய்யுளுக்குப் பகையாதல் எங்ஙனம்? ஆயினும், குலத்தொழிலாய் வந்த இசையையே விட்டுக்கொடுக்கும் அளவுக்குத் தமிழ்ப்பாடம் அவருக்கு இனித்தது என்பது இதனால் விளங்கும்.

1876ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள், திருவாசகம் படிக்கக் கேட்டவாறே பிள்ளையவர்கள் உலகவாழ்வை நீத்தார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் ஐயர் கற்றும் கற்பித்தும் வந்தார். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வுபெற, அவரிடத்திலே கும்பகோணம் கல்லூரிக்கு வந்தார்.

இத்தனை ஆண்டும் அவர் எதற்காகப் படித்தார்? பட்டமொன்றும் அவர் கண்முன் இருந்ததில்லை. கல்லூரிப் பதவியும் எதிர்பாராது வந்ததே. சங்கநூல்களை அச்சேற்றுதல் அவர் கனவிலும் இல்லாத ஒன்று. அப்படிப்பட்ட நூல்கள் ஏடுகளிற் கிடந்து மடிகின்றன என்பதே அவருக்குத் தெரியாது. நாட்டுக்குச் செய்யப்போகும் பெரும்பணி இன்னதென்று அறியாமலே அதற்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தவர் அவர். குறியைக் கண்டவனை அந்தக் குறியே இழுத்துச் செல்லும். குறியைக் காணாதவனை எது நடத்தும்? வழிநடையிலுள்ள இன்பம் ஒன்றே நடத்தும். இன்பமின்றிப் படித்திருப்பாராயின், பயன் தோன்றாத அந்தப் படிப்பை இரண்டாம் மாதத்திலேயே விட்டு, பிள்ளையவர்கள் சொன்ன அந்தப் பலருள் ஒருவராய்ப் போயிருப்பார்.

இனி, முதலியார் பயனென்னவென்று கேட்ட அச்சிறுநூல்கள் எவ்வாறு பயன்பட்டன என்பதைக் காண்போம். ஏட்டுச்சுவடியைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கே அதன் இடர் தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றாகவே தோன்றும். செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று என்று காட்ட ஓர் அடையாளமும் இராது. எல்லாம் ஒரே தொடராய் ஓடும். செல்லரித்த இடமும் முறிந்த இடமும் வேறு. இதனை வாசிப்பதற்கு வேண்டுவன இரண்டு. ஓசை எங்கே நிற்கவேண்டுமென்று சொல்லக்கூடிய செவி ஒன்று. ஒரே எழுத்துத் தொடரைப் பலவாறு பிரித்துப் பார்க்கும் பழக்கம் மற்றொன்று.

திருக்குடந்தைத் திரிபந்தாதி, துறைசை யமகவந்தாதி போன்றவற்றை இன்று எவரும் விரும்பிப் படிப்பதில்லை. சொல்விளையாட்டென்று தள்ளிவிடுகிறோம். யமகத்தில் ஒரே எழுத்துக்கூட்டம் அடிதோறும் வரும். அடிதோறும் அதனை வேறுவேறாகப் பிரித்து வேறுவேறு பொருள் காணவேண்டும். நூறு பாடலில் இவ்வாறு பிரித்துப் பழகிய ஒருவருக்கு, புள்ளியற்ற ஏடு அஞ்சத்தக்கதாகுமோ? பிள்ளையவர்களுக்காக ஓயாமல் எழுதிய கைக்கு ஏடெழுதுவோர் எந்த எழுத்தை எந்த எழுத்தாக மயங்கி எழுதுவர் என்பது சொல்லாமலே தெரியும். ஆயிரமாயிரம் விருத்தங்களைச் சுவைத்த செவிக்குச் சிந்தாமணியின் ஓரடியில் ஒரு சீர் குறைந்தாலும் உறுத்தும். முதலியார் எள்ளிய நூல்களே முதலியார் விரும்பிய நூலைத் திறக்கும் திறவுகோலாயின.

திறவுகோல் இருந்தும் வேலை ஏழாண்டு பிடித்தது. முதலியார் தந்த கையெழுத்துப் படியைக் கொண்டுபோய்ப் படித்தபோது, அவ்வளவு கற்ற ஐயருக்கே பொருள் விளங்கவில்லை. சிந்தாமணி சைன காவியம். அச்சமயத்தின் வழக்குகள் அவருக்குப் புதியன. சலித்தாரா? கும்பகோணத்திலுள்ள சைனர்களைத் தேடிச் சென்றார். ஒருநாள் அவர்களுள் ஒருவர் வீட்டுக்குப் போனபோது வாயிலில் தோரணங் கட்டி அலங்கரித்திருந்தார்கள். என்ன விசேடம் என்று வினாவ, வீட்டில் நெடுநாளாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதாகச் சொன்னார்கள். ஒரு நூல் படித்து முடிந்ததற்குத் தோரணம்! தாம் தேடி வந்த நூலை இப்படிக் கொண்டாடும் மக்கள் தம் ஊரிலேயே இருப்பதைக் கண்டு அவர் அடைந்த உவகைக்கு அளவில்லை. அவர்களிடம் ஐயங்களை மாணாக்கராயிருந்தே கேட்டுத் தெளிந்தார். இடையன் வெட்டிய மரத்தை உவமையாகக் கூறும் ஓரிடம் நெடுங்காலம் விளங்காதிருந்தது. ஆடு மேய்ப்போர் கிளையை முற்றும் வெட்டாது, ஆட்டுக்கு எட்டும்படி வளைந்து தொங்குமாறு பாதி வெட்டி விடுவர். கிளையும் உயிரோடிருக்கும் என்று நாட்டுப்புறத்தான் ஒருவன் வாயிலாக அறிந்த பின்னரே அது தெளிவாயிற்று. தளிர் தேடப் பழகிய கண்ணுக்கு எங்கும் ஆசிரியர்கள் தென்பட்டார்கள்.

உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பது அடுத்த இடர். பெயர் சொல்லாமலே அவர் அடிகளைக் காட்டிச் செல்கிறார். ஐயர் அவற்றைத் தனியே தொகுத்துவைத்து மனத்திற் பதித்துக்கொண்டார். பின்பு திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிடையே பொருநராற்றுப்படை முதலியன கைக்கு வந்தபோது, பழகிய முகத்தைக் கூட்டத்திற் கண்டாற்போல அவ்வடிகள் அங்கே தோன்றின. பத்துப்பாட்டு அவ்வாறு வெளிப்பட்டதே.

இக்காலத்திலேதான் எம் நாட்டுச் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் கும்பகோணத்துக்கு வந்தார்கள். வீரசோழியத்தை 1881இல் வெளியிட்டிருந்த அப்பெரியார் சிந்தாமணியையும் தாமே அச்சிட விரும்பி ஐயரின் படியைக் கேட்டார்கள். ஐயர் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் சிலருக்கு இதனாற் சிறிது மனத்தாங்கல் இன்றுங்கூட உண்டு. எமக்கில்லை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இற் கலித்தொகையைத் தந்தார்கள். அதே ஆண்டில் ஐயர் இருபதுக்கு மேற்பட்ட பிரதிகளை ஒப்புநோக்கிச் சிந்தாமணியைத் தந்தார். ஒரே ஆண்டில் தமிழன்னைக்கு இரண்டு அணிகள்! 1901இற் பிள்ளையவர்கள் மறைந்தபோது ஐயர் இரங்கற்பாப் பாடினார் என்பதையும் மறவாதிருத்தல் நன்று.

அதன்பின் 1889இற் பத்துப்பாட்டு, 1892இற் சிலப்பதிகாரம், 1894இற் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று நூல்கள் வந்தன. குறிஞ்சிப்பாட்டிலே பூக்களின் பெயர்கள் நிரலாக வருமிடத்துச் சில பெயர்கள் ஏட்டில் விடுபட்டிருந்தன. சில பூப்பெயர்தானே என்று விட்டுவிடலாம். நூல் குறைவுபட்டதாக எவரும் கவனித்திரார். ஐயர் ஊர் ஊராகத் தேடித் தருமபுர மடத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். முன்னொரு காலத்தில் விடியற்காலையில் எழுந்து மாயூரத்துத் தோட்டத்திற் கிளைகளை ஆராய்ந்த அதே கண்கள்தாம் இங்கும் ஏட்டை ஆராய்ந்தன.

எமது கல்லூரியிற் பண்டித வகுப்புக்கு வரும் மாணவருட் சிலர், இந்தப் பகுதி பரீட்சைக்கு வருமா என்று முதலிற் கேட்டுவிட்டே நூலைத் திறக்கின்றனர். கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களையே பாடநூலாகக் கொள்வாரும் உளர். அவர்களை முழுதும் குறைகூற எமக்கு மனமில்லை. வறுமையும் வேலையில்லாமையும் அவர்களை அவ்வாறு துரத்துகின்றன. வறுமை ஐயருக்கும் இருந்தது. ஆனால், அவர் படித்தவற்றுள் எது எப்போது எந்த ஏட்டுக்குக் கைகொடுக்கப்போகிறதென்று வினாத்தாள் எழுதி வைக்க அன்று யாரும் இருந்ததில்லை.

1937ஆம் ஆண்டு, தமது எண்பத்திரண்டாம் வயதிலே குறுந்தொகையைத் தம் உரையுடன் வெளியிட்டார். அதற்கு முன்னர், 1933, 1934ஆம் ஆண்டுகளில், தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டிருந்தார். 1940இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடங்கிற்று. யுத்தகாலத்திற் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்றிருந்தவர், 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் அங்கே காலமானார். சுயசரிதம் முற்றுப்பெறவில்லை. அந்நூலை ஒருமுறை கையிலெடுத்து நோக்குங்கள். பாதிக்கும் மேற்பட்ட பக்கங்கள் கடந்த பின்னரே சேலம் இராமசுவாமி முதலியார் வருகிறார். அதுவரையும் திண்ணைகள், சுவடிகள், அந்தாதிகள், மாயூரத்துத் தோட்டம், அங்கே ஒரு கிளையில் அன்று விடியலிற் கண்ட தளிர் ஆகியவற்றையே அந்தக் கிழவர் ஆற அமர எழுதிக்கொண்டிருக்கிறார்.